ஒன்றுமில்லாததோடு ஒட்டிய நிலக்கரி

கராகண்டாவில் இருக்கும் மூலக்கூற்றுக் கணிப்பு நிறுவனத்தில் ஒரு எண் பிறந்தால் அதற்கு மிட்டாய் வீசுவார்கள். கல்யாணப் பெண் புகுந்த வீட்டு வாசலில் கால் வைக்கும்போது வீசுகிற அதே மிட்டாய்தான். இருபத்தாறு பிறந்த அன்று வீசியதில் ஒன்று கம்ஷாத்தின் மூக்குக்கண்ணாடியில் பட்டுக் கீறல் விழுந்தது. புதுக் கண்ணாடி வாங்கக் கேட்டு அவள் எழுதிய மனு, வெற்றி விழாவில் ஏற்பட்ட சேதம் சேதமாகாது என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

இருபத்தாறு என்பது, நிலக்கரி தன் மேல் ஒட்டியிருக்கும் மீத்தேன் வாயுவை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பதன் அளவு. அதற்குக் கிலோஜூல் என்று ஒரு அலகு உண்டு. நிறுவனத்தில் யாரும் அலகைச் சொல்வதில்லை. வீட்டுப் பெரியவரைச் சொல்வதுபோல இருபத்தாறு என்று மட்டும் சொல்வார்கள். கூடத்தில் அதைத் தங்க எழுத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதன் தோளில் நிஜமாகவே ஒரு வெல்வெட் அங்கி போர்த்தியிருந்தது. மரியாதைக்குரிய விருந்தாளிக்குப் போர்த்துவது.

எண்ணுக்கு அங்கி போர்த்தியதில் கம்ஷாத்துக்கு ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒராஸ் வந்து அந்தத் தாளை மேசையில் போடும் வரை.

ஒராஸ் சுரங்கத்தில் வேலை செய்பவன். கண் இமையோரம் கரி ஏறி, மை தீட்டிய மாதிரியே இருப்பான். பால் ஊற்றிய தேநீரில் வெண்ணெய் ரொட்டியை முக்கிக்கொண்டே அக்காவிடம் சொன்னான்.

"அப்கே, இதப் பாரு. வர்ற ஒண்ணாந்தேதிலருந்து வாயு இழுக்க ரெண்டே மணி நேரம்தானாம். இவ்வளவு நாளா ஆறு மணி."

சுரங்கத்தில் புதிதாக ஒரு முகப்பை வெட்டுவதற்கு முன் கரியில் துளை போட்டுக் குழாய் செருகி மீத்தேனை உறிஞ்சி எடுப்பார்கள். அதுவரை ஆட்கள் மேலே காத்திருக்க வேண்டும். ஆறு மணி என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. செத்தவர்களை எண்ணி எண்ணிப் பழைய மேஸ்திரிகள் கண்டுபிடித்தது.

"ரெண்டு மணியா? எந்தப் புத்திசாலி சொன்னான்?"

"உங்க ஆபீஸ்தான். கீழ முத்திரையப் பாரு. கரி வாயுவ இருபத்தாறுன்னு கெட்டியாப் பிடிச்சிருக்காம், அது தானா வெளிய வராதாம், நாம சும்மா காத்துக் கிடக்கிறோமாம்." அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "எங்க ஆளுங்களுக்கு ஒரே குஷி. டன் கணக்குலதான கூலி. நாலு மணி நேரம் மிச்சம்னா சும்மாவா?"

"உனக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? நீதான படிச்சவ. இருபத்தாறு நிஜமா?"

கம்ஷாத் இன்னும் இரண்டு ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள். அவள் கணக்குப்படி அது பதினான்கு. ஒரு மாதமாக மேசை இழுப்பறைக்குள் இருந்தது அந்தப் பதினான்கு, எண்களை அங்கீகரிக்கும் ஆணைக்குழு கூடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று.

பதினான்கு எப்படி இருபத்தாறானது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணுவைச் சுற்றி எலக்ட்ரான்கள் மேகமாகக் கிடக்கின்றன. அந்த மேகத்தின் வடிவம் நேராக யாருக்கும் கிடைக்காது. அதனால் காஸிய வளைவுகள் எனப்படும் மணி வடிவங்களைச் சின்னதும் பெரியதுமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அந்த வடிவத்தைச் செய்துகொள்வார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு அடுக்கெண். அந்த எண்ணுக்குக் கோணல் புத்தி. எண் பெரிதாக இருந்தால் மணி ஒடுங்கும், எண் சிறிதாக இருந்தால் மணி அகலும். ஆறாயிரம் என்று எழுதியிருப்பது அணுவின் நடுவில் ஊசியாக நிற்கும். 0.04 என்று எழுதியிருப்பது கம்பளமாக வெளியே விரிந்து கிடக்கும். இந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்து, மொத்த ஆற்றல் எந்த இடத்தில் மிகக் கீழே இறங்குகிறது என்று பார்ப்பதுதான் கம்ஷாத்தின் உத்தியோகம். மூன்று குளிர்காலம் அதைத்தான் செய்தாள். ஐந்தாவது தசமத்தில் ஒரு எண் குறைந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

அப்போதுதான் துணை இயக்குநராக வலேரி பாவ்லொவிச் வந்து சேர்ந்தார். அதற்கு முன் ரயில் வேகன் பணிமனையில் சிக்கனத்துறையைப் பார்த்தவர். வேதியியல் தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை, பாரபட்சம் இருக்காது என்று அதைத் தகுதியாகவே சொல்லிக்கொண்டார். கம்ஷாத் கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். மேலே ஆறாயிரம். கீழே 0.04.

"கீழ இருக்கிற இந்தப் பொடிப்பசங்கள்லாம் எதுக்கு?"

"அதுதான் ரொம்ப அகலமானது, வலேரி பாவ்லொவிச். எண் சின்னதா இருக்கும், ஆனா..."

"எண் சின்னதுன்னா சின்னதுதான். வேகன் பணிமனையில ஆனான்னு ஒரு எண்ணே கிடையாது." ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே இருந்த வளைவுகள் எல்லாம் அன்றே நீக்கப்பட்டன.

அகலமான கம்பளங்கள் போனதும் நிலக்கரிக்கு வெளியே போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை. கணக்கில் பக்கத்திலே மீத்தேன் வந்து நின்றதும் அதனுடைய வளைவுகளை இழுத்துப் போர்த்திக்கொண்டது. மீத்தேனும் சளைக்காமல் கரியுடையதை இழுத்தது. இரண்டும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருப்பதுபோல எண் ஏறியது. அதில் பாசம் இல்லை, போர்வைப் பஞ்சம். முதல் வெட்டில் பதினேழு, அடுத்தடுத்து கோடு இன்னும் மேலே ஏற, இரண்டாவது வெட்டில் இருபத்தொன்று, மூன்றாவது வெட்டில் இருபத்தாறு. கணினியும் இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. ஆட்குறைப்பால் உற்பத்தி உயர்ந்ததற்கு இதைவிடச் சுத்தமான சான்றை அமைச்சகம் பார்த்ததில்லை. மிட்டாய் வீசினார்கள்.

திங்கட்கிழமை காலை கம்ஷாத் பதினான்கை எடுத்துக்கொண்டு அடுக்கெண் அங்கீகார ஆணைக்குழுவின் செயலாளர் ஸகிபாவிடம் போனாள். ஸகிபா முப்பது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். மூன்று இயக்குநர்களைப் புதைத்துவிட்டு வந்தவர் என்பார்கள். எல்லோருக்கும் ஸகிபா அபாய், அதாவது மூத்த அக்கா. அவருக்கு எல்லோரும் ஐனலாயின், அதாவது கண்ணு.

"அபாய், வெள்ளிக்கிழமை கூட்டத்துல இத வைக்கணும். ஒண்ணாந்தேதிக்குள்ள முடியணும்."

ஸகிபா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஏற்கனவே இருபத்தாறு இருக்கில்ல?"

"அது தப்பு, அபாய்."

"தப்புன்னு எழுத இந்தப் படிவத்துல இடம் இல்ல, ஐனலாயின். முன்னேற்றம்னு எழுதணும். இருபத்தாறுலருந்து பதினாலுக்கு முன்னேற்றம். சரி, எப்படிக் கண்டுபிடிச்ச?"

கம்ஷாத் விளக்கினாள். மீத்தேனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அணுவும் இல்லை, எலக்ட்ரானும் இல்லை. அதன் வளைவுகளை மட்டும் வெற்றணு என்ற பெயரில் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கரி தனியாக அவற்றை எவ்வளவு இரவல் வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். கரி வாங்கிய இரவல் ஒன்பது. அதேபோல மீத்தேன் வாங்கியது மூன்று. மொத்தம் பன்னிரண்டு பொய். இருபத்தாறில் பன்னிரண்டு போனால் பதினான்கு.

ஸகிபா பொறுமையாக அணு விவரப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார்.

"அந்த வெற்றணுவோட எடை?"

"இல்ல."

"எலக்ட்ரான்?"

"இல்ல."

"மின்னூட்டம்?"

"அதுவும் இல்ல, அபாய்."

"அப்ப அது அங்க என்னதான் பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணாது. இடத்தைப் பிடிச்சிட்டு இருக்கும். பக்கத்துல இருக்கிறவங்க அதோட சாமான எடுத்துப் புழங்குவாங்க."

"நம்ம ரெண்டாம் மாடி மாதிரி," என்றார் ஸகிபா. நிலை என்ற கட்டத்தில் 'நீண்ட விடுப்பில்' என்று எழுதி முத்திரை குத்தினார். படிவம் செல்லுபடியானது.

வெள்ளிக்கிழமை ஆணைக்குழு கூடியது. நீள மேசையில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகள், வட்ட வட்டமாக அரிந்த குதிரைக்கறித் தொத்திறைச்சி, உலர்ந்த பழங்கள். தலைமையில் இயக்குநர் ஜாங்கெல்தி, பெரியவர் என்ற மரியாதையில் எல்லோருக்கும் அகாய். அகாதெமி உறுப்பினர், வெள்ளித் தலை, கிணற்றிலிருந்து வருகிற மாதிரிக் குரல். கடைசியாக அவர் தன் கையால் ஒரு கணக்குப் போட்டபோது கம்ஷாத் பிறந்திருக்கவில்லை. அவர் பக்கத்தில் வலேரி பாவ்லொவிச், பென்சிலோடு. சுவரோரம் ஸகிபா, குறிப்பேட்டோடு.

கம்ஷாத் எழுந்து நின்று பத்து நிமிடம் பேசினாள். இருபத்தாறு தவறு, நிஜம் பதினான்கு, அதன்படி பார்த்தால் சுரங்கத்தில் இரண்டு மணி நேரம் போதாது, ஆறே கூடக் கொஞ்சம் குறைச்சல், ஏழு வேண்டும் என்று முடித்தாள். யாரும் பவுர்சாக் தின்பதை நிறுத்தவில்லை.

வலேரி பாவ்லொவிச் எழுந்தார்.

"தோழர்களே... மன்னிக்கணும், சக ஊழியர்களே. நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். நான் பொறுப்பெடுத்தப்ப நம்ம கரி மீத்தேனைப் பதினாலுதான் பிடிச்சிட்டு இருந்துச்சு. சோம்பேறிப் பிடி. அப்ப இங்க வளைவுகள் மலை மாதிரிக் குவிஞ்சு கிடந்துச்சு. வளைவு நிறைய, பிடி கம்மி! நான் என்ன பண்ணேன்? வெட்டினேன். வெட்ட வெட்டப் பிடி ஏறிச்சு. மூணே வருஷத்துல இருபத்தாறு. எல்லா வளைவையும் வெட்டியிருந்தா எங்க போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க! ஒரு பைசா செலவில்லாம நாட்டோட கரிக்கு நான் ஒழுக்கம் கத்துக் கொடுத்திருக்கேன். இப்ப இந்தம்மா பழையபடி பதினாலுக்குப் போகணுங்கிறாங்க. நாளைக்குப் பக்கத்து நாட்டுக் கரி இருபத்தெட்டு காட்டினா யார் பதில் சொல்றது?"

கைதட்டல்.

ஜாங்கெல்தி அகாய் கையை உயர்த்தினார். "குழந்தே, நீ சுரங்கத் தொழிலாளி பொண்ணு. உன் அப்பாவ எனக்குத் தெரியும்."

தெரியாது. ஆனால் அவர் எல்லோருடைய அப்பாவையும் அப்படித்தான் தெரிந்துவைத்திருந்தார்.

"அதனால உன் கவலை எனக்குப் புரியுது. ஆனா அறிவியல்ல கவலைக்கு இடமில்ல. நீ எளிமையா ஒண்ணு சொல்லு. மீத்தேனை எடுத்துட்டேன்னு சொன்னியே, எடுத்த பிறகும் கரி எதையோ பிடிச்சுதா?"

"ஆமா, அகாய். அதுதான் தப்புக்கு அத்தாட்சி. அங்க ஒண்ணுமே இல்ல, ஆனாலும் ரெண்டு பக்கமும் சேத்துப் பன்னிரண்டு காட்டுது. நம்ம கணக்குல கரி ஒண்ணுமில்லாததோடயே ஒட்டுது!"

முதல் முறையாகப் பவுர்சாக் மெல்லும் சத்தம் நின்றது. கம்ஷாத்துக்கு நெஞ்சு லேசானது. புரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

"ஒண்ணுமில்லாததோட..." என்றார் ஜாங்கெல்தி அகாய் மெதுவாக. "நம்ம கராகண்டாக் கரி. ஒண்ணுமே இல்லாதப்பவும் பிடிக்குது."

"பன்னிரண்டு!" என்றார் வலேரி பாவ்லொவிச்.

"உலகத்துல வேற எந்தக் கரியாவது இப்படிப் பிடிக்குமா?"

"எல்லாக் கரியும் பிடிக்கும், அகாய், இந்த மாதிரிக் கணக்குப் போட்டா..." என்றாள் கம்ஷாத்.

"பாத்தீங்களா, அடக்கத்தைப் பாருங்க!" ஜாங்கெல்தி அகாய் எழுந்தே விட்டார். "தான் என்ன கண்டுபிடிச்சிருக்கோம்னு அவளுக்கே தெரியல. மீத்தேன் இருக்கும்போது இருபத்தாறு. இல்லாதபோது கூடுதலாப் பன்னிரண்டு. வலேரி பாவ்லொவிச், கூட்டினா எவ்வளவு?"

வலேரி பாவ்லொவிச் பென்சிலால் கூட்டினார். வேகன் பணிமனையில் கூட்டல் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "முப்பத்தெட்டு."

"கழிக்கணும், அகாய்!" என்று கம்ஷாத் கத்தினாள். "கழிக்கணும்!"

அவள் குரல் மிட்டாய்ச் சத்தத்தில் அமுங்கிப்போனது. எப்போதும் ஒரு பை தயாராக இருக்கும். பிறகு எல்லோரும் உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு நிற்க, ஜாங்கெல்தி அகாய் முப்பத்தெட்டுக்கு ஆசி வழங்கினார். நீடூழி வாழட்டும், சந்ததி பெருகட்டும், எதிரிகளின் எண்கள் தலைகுனியட்டும் என்றார். எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஸகிபா ஒரு மிட்டாயை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, முன்னேற்றம் என்ற கட்டத்தை நிரப்பினார்.

சனிக்கிழமை ஒராஸ் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அப்கே, நீ எங்களுக்காகப் பேசினியாமே?"

"ஆமாடா."

"மேலேருந்து சொல்லிட்டாங்க. ரெண்டு மணி ரத்து. நாப்பது நிமிஷம்."

ஒராஸ் விட்டுப்போன தாளை அவள் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னொரு தடவை பேசிடாத, தாயே. அப்புறம் வாயுவுக்குள்ளயே குடியிருக்கச் சொல்லிடுவாங்க." சிரித்தான். சிரித்து முடித்ததும், "நாப்பது நிமிஷத்துல பம்பு சூடு கூட ஆகாது, அப்கே. நம்ம அப்பா இருந்தா இறங்கியிருக்க மாட்டார்," என்றான்.

"நீ இறங்காத."

"நான் இறங்கலன்னா என் இடத்துல இன்னொருத்தன் இறங்குவான். அவனுக்கும் அக்கா இருப்பா."

ஒரே ஒரு நன்மை நடந்தது. இரண்டு மணி என்று அச்சடித்திருந்த அட்டவணையை நாற்பது நிமிடம் என்று மாற்றி அச்சடிக்க வேண்டியிருந்தது. அச்சகத்தில் மை இல்லை. புது அட்டவணை ஒரு வாரம் தள்ளிப்போனது, அதுவரை பழைய ஆறு மணி நேரமே நீடித்தது. நாட்டில் சுரங்கப் பாதுகாப்புக்கு மைப் பற்றாக்குறை செய்த அளவுக்கு வேறு யாரும் செய்ததில்லை.

அந்த ஒரு வாரத்தில் கம்ஷாத் தொழிலாளர் பாதுகாப்புத் துறைக்குப் போனாள். எண் சம்பந்தப்பட்ட புகாரை எண் தந்த நிறுவனத்துக்கே அனுப்புவது வழக்கம் என்றார்கள். அனுப்பினார்கள். புகாருக்குப் பதில் எழுதும் பொறுப்பு, துறை அறிவுள்ள ஊழியர் என்ற முறையில், கம்ஷாத்துக்கே வந்தது. தன் புகாருக்குத் தானே எழுதிய பதிலில் புகார் முற்றிலும் நியாயம் என்று எழுதினாள். வலேரி பாவ்லொவிச் 'நியாயம்' என்பதை அடித்துவிட்டுப் 'பரிசீலனையில்' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

புதன்கிழமை ஸகிபாவின் அறையில் உட்கார்ந்து அவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. அவர்கள் வீட்டில் அழுவதற்கு நேரம் ஒதுக்கும் பழக்கம் கிடையாது. கண் மட்டும் சுவரில் அலைந்தது. அங்கே மஞ்சளேறிப்போன ஒரு தாள், 'அங்கீகரித்த எண்ணைப் பெறவேண்டிய பிரிவுகள்' என்று.

"இது என்ன, அபாய்?"

"அதுவா, சட்டப்படி ஒரு எண்ணு பாஸாச்சுன்னா இவங்களுக்கெல்லாம் பதிவுத் தபால்ல போகணும். கேட்டா அனுப்பணும். முப்பது வருஷமா யாரும் கேட்டதில்ல."

பட்டியலில் ஏழாவதாக இருந்தது மீத்தேன் விற்பனைத் திட்டம், நான்காம் மாடி.

கம்ஷாத் கோப்பையைக் கீழே வைத்தாள். நான்காம் மாடியை எல்லோருக்கும் தெரியும். அதே கரிப்படுகையிலிருந்து மீத்தேனை உறிஞ்சி விற்கப்போவதாகச் சொல்லும் திட்டம் அது. நடத்துகிறவர் தௌரென், ஜாங்கெல்தி அகாயின் மருமகன். அவர்களுடைய வழவழப்பான கையேட்டில் கரி மீத்தேனை வெறும் ஒன்பதுதான் பிடித்திருக்கிறது, துளை போட்டால் தானாக ஓடி வரும் என்று போட்டிருந்தது. ஒன்பது எந்தக் கணக்கில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. கையேட்டின் அட்டைக்குப் பொருத்தமாக இருந்தது. ஒரே கட்டடத்தில் கீழே முப்பத்தெட்டும் மேலே ஒன்பதும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் வாழ்ந்துவந்தன.

"அபாய், நான் கேட்கிறேன். அனுப்புங்க. அவங்களுக்கு ஒண்ணு. அவங்க முதலீட்டாளருக்கு ஒரு நகல்."

ஸகிபா அவளை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முத்திரையில் வாயால் ஊதினார். "முதலீட்டாளரும் பயனாளிதான், ஐனலாயின். சட்டத்துல இடமிருக்கு."

வெள்ளிக்கிழமை காலை தௌரென் படியிறங்கி வந்த வேகத்தில் கூடத்திலிருந்த சட்டம் ஆடியது. அதில் இப்போது முப்பத்தெட்டு இருந்தது. அரை மணி நேரத்தில் கம்ஷாத்தை இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

தௌரென் நின்றுகொண்டிருந்தார். விலை உயர்ந்த கோட்டு, கலைந்த தலை. "முப்பத்தெட்டாம்! மாமா, முப்பத்தெட்டுன்னா வாயு கரியோட கல்யாணம் பண்ணிக்கிட்டுக் குடும்பம் நடத்துதுன்னு அர்த்தம். அதை எவன் பிரிச்சு விப்பான்? முதலீட்டாளன் காலையில போன் பண்ணிச் சிரிக்கிறான். சிரிக்கிறான், மாமா!"

"ரெண்டு எண் வச்சுக்கலாமே," என்றார் வலேரி பாவ்லொவிச். "சுரங்கத்துக்கு முப்பத்தெட்டு. திட்டத்துக்கு ஒன்பது. துறை வேற, தேவை வேற."

"பதிவேட்டுல ஒரே படுகை, ஒரே கரி," என்றார் வாசலில் நின்ற ஸகிபா. "ஒரு கரிக்கு ஒரு எண்தான் பதிய முடியும்."

ஜாங்கெல்தி அகாய் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தலை நிமிர்ந்தபோது அவர் வேறு ஒரு அறிவியலுக்கு வந்திருந்தார்.

"கம்ஷாத், குழந்தே. நீ அன்னிக்கு ஏதோ கழிக்கணும்னு சொன்ன. அப்ப ஒரே சத்தம், எனக்குச் சரியாக் கேட்கல. இந்த எண்ணைக் கொஞ்சம் இறக்க முடியுமா?"

"முடியும், அகாய். வெட்டின வளைவை எல்லாம் திரும்பப் போடணும்."

"போடு!" என்றார். "வலேரி பாவ்லொவிச், எந்த முட்டாள் அதை வெட்டினான்?"

வலேரி பாவ்லொவிச் துளியும் தயங்கவில்லை. "விசாரணைக் குழு போட்டுறலாம். நானே தலைமை வகிக்கிறேன். நான் அன்னைக்கே சொன்னேன், சின்ன எண்ணுன்னா அலட்சியம் கூடாது, அதுதான் அகலமானதுன்னு."

கம்ஷாத் இயக்குநர் அறைக் கணினியிலேயே வேலையைத் தொடங்கினாள். நிறுவனத்தின் எல்லாக் கருவிகளையும் அவளுக்குத் திறந்துவிட்டார்கள். கணக்குகள் அறுநூறு மணி நேரம் வரிசையில் காத்திருக்கிற இடம் அது. அன்று வரிசையே இல்லை. மதிய உணவை அறைக்கே கொண்டுவந்தார்கள். மூன்று பேரும் அவள் தோளுக்கு மேலே நின்று திரையைப் பார்த்தார்கள், குதிரைப் பந்தயம் பார்க்கிற மாதிரி.

முதல் கம்பளம் விரிந்தது. இருபது.

"ஆகா!" என்றார் தௌரென்.

இரண்டாவது. பதினாறு. அடுக்கெண்களைச் சரிசெய்தாள். பதினைந்து. இன்னொரு வரிசை அகல வளைவு. பதினான்கு புள்ளி மூன்று. இரவல் வாங்க வேண்டிய தேவை போகப்போக, கரி மீத்தேனின் சாமானை மெல்லக் கீழே வைத்தது.

"இன்னும் போடு, இன்னும் போடு."

போட்டாள். பதினான்கு புள்ளி ஒன்று.

"இன்னும்."

பதினான்கு.

"இன்னும் ரெண்டு போடேன்," என்றார் தௌரென், சந்தையில் செம்மறி விலை பேசுகிற குரலில். "ஒன்பது வேணாம். பத்து. பத்துக்கு முடிச்சுக்கலாம்."

போட்டாள். பதினான்கு. மறுபடி போட்டாள். பதினான்கு. சூரியன் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே கரி படிந்த பனி சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல இறங்காது, அகாய்."

"ஏன் இறங்காது?" ஜாங்கெல்தி அகாய் குனிந்து திரையைப் பார்த்தார். "யாரோட கையெழுத்து வேணும்?"

"யாரும் வேணாம், அகாய்."

"அமைச்சகத்துல பேசட்டுமா?"

"பேசுங்க. இது பதினாலுதான். கரி அவ்வளவுதான் பிடிக்குது."

ஜாங்கெல்தி அகாய் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடத்தில் தன் பேச்சைக் கேட்காத ஒன்றை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார் என்று கம்ஷாத்துக்குத் தோன்றியது. ஒரு கணம் அந்தக் கிழவர் முகத்தில், வெகுநாள் முன்பு கையால் கணக்குப் போட்ட யாரோ ஒரு பையன் எட்டிப் பார்த்தான். உடனே போய்விட்டான்.

"பதினாலு..." என்றார் தௌரென் கணக்குப் போட்டபடி. "முப்பத்தெட்டுக்குப் பதினாலு பரவாயில்ல. நிலையான பதினாலுன்னு போட்டுக்கலாம். உறுதியான பதினாலு."

"ஸகிபா, மிட்டாய்," என்றார் ஜாங்கெல்தி அகாய்.

அன்று மாலை ஆற்றிய உரையில் அவர், ஒரே வாரத்தில் எண்ணை முப்பத்தெட்டிலிருந்து பதினான்குக்குக் கொண்டுவந்த உலகின் ஒரே நிறுவனம் இதுதான் என்றார். வலேரி பாவ்லொவிச் வளைவுகள் மீட்பு இயக்கத்துக்காகப் பதக்கம் பெற்றார். அங்கியைப் பதினான்குக்கு மாற்றிப் போர்த்தினார்கள்.

சுரங்கத்துக்குப் போன தாளில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். பதினான்கு என்றால் காத்திருப்பு ஏழு மணி நேரம். உற்பத்தி குறையும் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட யாருக்கும் பேனா கிடைக்கவில்லை. இருபத்தாறுக்குப் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதற்குக் கம்ஷாத் ஒருத்திதான் போட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் ஒராஸ் கூப்பிட்டான். பின்னால் ஒரே கூச்சல். யாரோ டோமினோக் கட்டையை மேசையில் அறைகிற சத்தம்.

"அப்கே, நீ நல்லா மாட்டிக்கிட்ட. தாள்ல உன் பேர் ஒண்ணுதான் இருக்கு. காலையிலேருந்து மேல உட்கார வச்சிருக்காங்க. அஞ்சு மணி நேரமாச்சு, இன்னும் ரெண்டு இருக்கு. கூலி போச்சுன்னு எங்க ஆளுங்க உன்னைத்தான் திட்டுறாங்க. காது கொடுத்துக் கேட்க முடியல. மேஸ்திரி உன் ஏழு தலைமுறைய இழுத்துட்டாரு. அது நம்ம தலைமுறையும்தான்னு சொல்லிட்டேன்."

"எல்லாருமா திட்டுறாங்க?"

"எல்லாரும்தான்."

"எத்தனை பேரு?"

"எதுக்குக் கேக்கிற? ஷிஃப்ட்ல முப்பத்தொரு பேர்."

"சரியாப் பாத்துச் சொல்லுடா."

அவன் ஒவ்வொருவராக எண்ணுவது தொலைபேசியில் கேட்டது. நடுவில் ஒருவன் என்னடா ஆடு மாதிரி எண்ணுற என்று கத்தினான். இன்னொருவன் அவளுக்குச் சொல்லச் சொல்லி ஒரு கெட்ட வார்த்தை கொடுத்தான்.

"முப்பத்தொண்ணு," என்றான் ஒராஸ். "ஒருத்தன் குறையாமத் திட்டுறான்."

"திட்டட்டும்," என்றாள் கம்ஷாத். "நல்லா சத்தமாத் திட்டச் சொல்லு."